பெற்றோரின் கடனைக் கேட்டு அறியுங்கள்!

வயதான பெற்றோர் முழங்கால் வலியைப் பிள்ளைகளிடம் சொல்லி விடுகிறார்கள். கண் மங்குவதையும் சொல்லி விடுகிறார்கள். கடனை மட்டும் சொல்வது இல்லை.

காரணம் என்ன? வெட்கம்!

பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள். "கையில் காசு இல்லை" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல அவர்களுக்கு நா எழுவது இல்லை. "அவனுக்கே ஆயிரம் செலவு. நம் பாரம் வேறு எதற்கு?" என்ற எண்ணமும் சேர்ந்து கொள்கிறது.

பிறகு நடப்பது என்ன? காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. அதற்கு வட்டி கட்ட இன்னொரு இடத்தில் கைமாற்று. கைமாற்றை அடைக்க மற்றொரு கடன். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும்போது நகை ஏலத்துக்கே வந்து விடுகிறது!

பணம் இல்லாததால் மட்டும் கடன் பெருகுவது இல்லை. சொல்லாமல் இருப்பதாலும் பெருகுகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

வட்டிக் கடன் ஒரு பக்கம். பாங்கிக் கணக்கில் பிடிக்கும் சில்லறைக் கட்டணம் மறு பக்கம்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை நம்பி இருப்பவருக்கு 50 ரூபாயும் பெரிய தொகைதான்.

ஏ.டி.எம். எந்திரத்தையே பாருங்கள். சொந்த பாங்கியின் எந்திரத்தை மாதம் 5 முறை இலவசமாகப் பயன்படுத்தலாம். மற்ற பாங்கிகளின் எந்திரம் என்றால் சென்னை போன்ற பெரு நகரங்களில் 3 முறை. மற்ற ஊர்களில் 5 முறை. அதற்கு மேல் போனால், 2025 மே 1-ந் தேதி முதல், ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். வரி தனி.

பெரியவர்கள் பயந்து பயந்து இருநூறு இருநூறாக எடுப்பார்கள். 7 முறை எடுத்தால் 2 முறைக்குக் கட்டணம். வரியோடு 54 ரூபாய் போய் விடும். மாதம் தோறும் இப்படி நடந்தால் ஆண்டுக்கு 650 ரூபாய்! பணத்தை இரண்டு மூன்று தடவையில் எடுத்திருந்தால் ஒரு காசும் போயிராது. "பணம் வந்து விட்டதா?" என்று இருப்பைப் பார்ப்பதும் ஒரு முறை என்றே கணக்கு ஆகும். இது பலருக்குத் தெரியாது.

பாஸ் புத்தகத்தைத் திருப்புங்கள்

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பாவின் பாஸ் புத்தகத்தைப் பாங்கியில் பதிந்து வாங்குங்கள். அம்மாவின் புத்தகத்தையும் பதியுங்கள். வரி வரியாகப் பாருங்கள்.

குறைந்த பட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்து இருக்கிறதா? பாரத ஸ்டேட் பாங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த அபராதத்தை நீக்கி விட்டது. கனரா பாங்கி, இந்தியன் பாங்கி ஆகியவை 2025-ல் நீக்கின. அபராதம் வாங்கும் பாங்கிகளுக்கும் 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் பாங்கியின் கட்டுப்பாடு உண்டு. முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஒரு மாதமாவது தவணை கொடுக்க வேண்டும். அபராதத்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

அந்தத் தகவல் பெரும்பாலும் செல்போனில்தான் வரும். பெரியவர்கள் அதைப் படிப்பது இல்லை. பிள்ளைகள் படித்துச் சொல்ல வேண்டும்.

எதற்கு இந்தத் தொல்லை? அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கேளுங்கள். அதற்குக் குறைந்த பட்ச இருப்பே தேவை இல்லை. ஆனால் அதே பாங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

இன்சூரன்சு பிடித்தத்தையும் கவனியுங்கள். மத்திய அரசாங்கத்தின் விபத்து இன்சூரன்சுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். அது 70 வயதோடு முடிகிறது. ஆயுள் இன்சூரன்சுக்கு 436 ரூபாய். அது 55 வயதோடு முடிகிறது. வயது கடந்த பிறகும் பணம் போய் இருந்தால், திருப்பிக் கேளுங்கள்.

தவறான பிடித்தம் என்றால் பாங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறை தீர்ப்பு அதிகாரிக்கு மனுச் செய்யலாம். செலவு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி? கேட்க வேண்டியவை இந்த மூன்றுதான்.

தொகை பெரிய கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது இல்லை. வட்டி அதிகமான கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும். நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால், 10,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 3,600 ரூபாய்! பாங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடன் வாங்கினால் இதில் பாதி வட்டிகூட ஆகாது. அடகுக் கடையில் இருக்கும் நகையை மீட்டு அங்கே வைத்தாலே பாரம் குறையும்.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்

கந்து வட்டியைத் தடுக்க, தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. மீட்டர் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டால் போலீசில் புகார் செய்யலாம். பாங்கியின் வசூல்காரர்களும் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் கடனைக் கேட்டுப் போன் செய்யக் கூடாது.

"அப்பன் பட்ட கடனை மகன்தானே தீர்க்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2005-ல் இந்து வாரிசுச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு தந்தை பட்ட கடனை, மகன் என்ற ஒரே காரணத்துக்காக அவன் மீது சுமத்த முடியாது. தந்தை விட்டுப் போன சொத்தில் இருந்துதான் வசூலிக்கலாம். ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தப்ப முடியாது. ஆகவே, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றோரையும் போட விடாதீர்கள்.

கேட்கும் முறை

"யாரைக் கேட்டுக் கடன் வாங்கினாய்?" என்று அதட்டினால் எல்லாம் கெட்டு விடும். அடுத்த கடனை இன்னும் ஆழமாக மறைத்து விடுவார்கள். சாப்பிட்ட பிறகு, அக்கம் பக்கத்தார் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று. உதவி செய்கிறேன் என்று சொல்லி, ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக் கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது உதவி அல்ல! பென்சன் அவர்கள் உழைத்த உழைப்பின் கூலி. உதவித் தொகை அவர்களுடைய உரிமை. கணக்குப் பார்ப்பது பிள்ளையின் வேலை. செலவு செய்வது அவர்கள் விருப்பம். பாங்கிக்கு நடக்க முடியாத 70 வயதுக்காரர்களுக்கு, வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் வசதியைச் செய்யும்படி 2017-ல் ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்குச் சொல்லி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மாதம் தோறும் பணம் அனுப்புவது நல்ல காரியம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பது அதைவிட நல்ல காரியம். பெற்றோர் கடன் இல்லாமல் கண் மூடித் தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்தை வாங்கிக் கொடுக்க, பிள்ளைக்குத் தேவை ஒரு பகல் பொழுதும், கொஞ்சம் பொறுமையும்தான்!