கேட்டுவிட்டுக் கொடுப்போமே!

சென்ற மாதம் என் மகன் பிறந்த நாளுக்கு, எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டு போனோம். வடை, பாயசம், கேசரி என்று ஒரே அமர்க்களம்! ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சர்க்கரை வியாதிம்மா. தினமும் யாராவது ஸ்வீட் கொண்டு வர்றாங்க. மாத்திரை வாங்கத்தான் வழியில்லே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

விசாரித்தால், விசேஷ நாட்களில் சாப்பாடு மிஞ்சிப் போகிறதாம். மாத்திரை, சோப்பு, கரண்ட் பில்லுக்குத்தான் திண்டாட்டமாம்!

இப்போது எங்கள் தெருவில் 12 வீட்டுக்காரர்கள் சேர்ந்து பழைய பேப்பரை மொத்தமாக எடைக்குப் போடுகிறோம். மாதம் 500 ரூபாய்க்குக் குறையாமல் தேறுகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தர்மத்துக்கென்று எடுத்து வைப்பார்களே, அது மாதிரிதான். யாருக்கும் பாரமில்லை. பணத்தை இல்லத்தில் கட்டி, கையோடு ரசீதும் வாங்கிவிடுகிறோம்.

நம் மனசு நிறைந்தால் மட்டும் போதுமா? வாங்குகிறவர்களின் தேவையும் தீர வேண்டாமா? அடுத்த முறை போவதற்கு முன், "என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.