அந்த லேபிளைக் கொஞ்சம் படியுங்கள்!

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் இருக்கும். பிரியாணி, ஷூ, அல்லது பஸ் ரிப்பேர். நாலாவதாக ஒரு சின்னக் கூட்டம் உண்டு. தோளில் பை, பைக்குள் பழைய பனியன் துணி, கண்ணில் ஒரு மாதிரிப் பசி. பழைய ரெக்கார்டு தேடுகிறவர்கள்.

இவர்களை வீட்டில் யாருக்கும் பிடிக்காது. நியாயம்தான். ஒரு ரெக்கார்டு வீட்டுக்குள் வந்தால் அதை வைக்க ஒரு பெட்டி வரும். பெட்டியை வைக்க ஒரு பலகை. கேட்பதற்கு ஒரு பிளேயர். பிளேயருக்கு ஊசி. ஊசி விலையைச் சொன்ன மாத்திரத்தில் வீட்டம்மாவுக்குப் பால் பாக்கி ஞாபகத்துக்கு வரும்.

இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு இவர்கள் எதைத் தேடுகிறார்கள்? சினிமாப் பாட்டென்றால் புரிகிறது. அதற்கு ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. இந்தத் தோல் பட்டையில் தேட வேண்டிய சரக்கு வேறு. அந்தக் கால முஸ்லிம் பாட்டுக்கள்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் ஒட்டாமலும் போகிற வரிசை இது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து, இந்த ஊர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிட்டார்கள். வாசனையை மட்டும் பிரிக்க முடியவில்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல வீடுகளில் பேச்சு உருது. கடைவீதிக்கு வந்தால் தமிழ். ஆகவே அலமாரியிலும் இரண்டு அடுக்கு. ஒன்று கவாலி. 1958-ல் வந்த 'அல் ஹிலால்' இந்திப் படத்தின் ஒரே கவாலியால் நாடு பூராவும் பெயர் வாங்கிய இஸ்மாயில் ஆசாத், ஹபீப் பெயிண்டர், சங்கர்-சம்பு சகோதரர்கள். (ஆமாம் சார், இந்துக்கள்தான். கவாலி பாடியே பிழைத்து, கவாலி பாடியே புகழ் பெற்றவர்கள்.) இன்னொரு அடுக்கு தமிழ். காயல் ஷேக் முகமது மாதிரி சிலர். அவர்கள் எல்லோருக்கும் மேலே, பெட்டியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு, நாகூர் ஈ.எம். ஹனிபா.

காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று சொல்வதுண்டு. காயல் ஷேக் முகமதுவின் குரலைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்கும் பாக்கியம் நமக்கு வாய்த்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

* * *

ஹனிபாவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1925 டிசம்பரில் பிறந்தவர், 2015 ஏப்ரலில் மறைந்தவர். 'இசை முரசு' என்பது பட்டம். முரசுதான், சந்தேகமில்லை. தர்காவில் ஒரு பாட்டு, மறுநாள் தி.மு.க. மேடையில் ஒரு பாட்டு. குரல் ஒன்றே. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் டி.எம்.எஸ்ஸுடன் சேர்ந்து பாடினார். 'செம்பருத்தி'யில் (1992) இளையராஜா அவரைப் பாட வைத்தபோது வயது 66.

நம் தோல் ஊர்களுக்கும் அவருக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. 2002-ல் வாணியம்பாடியில் இடைத்தேர்தல். தி.மு.க. வேட்பாளர் ஹனிபா. வீட்டுக்கு வீடு கேசட் வைத்திருக்கிற ஊர், தோற்கடித்து அனுப்பியது. பாட்டுக்கு ஒரு சீட்டு, கட்சிக்கு ஒரு சீட்டு என்று இரண்டாகக் கொடுத்திருந்தால் முதல் சீட்டில் எதிராளிக்கு டெபாசிட்டே போயிருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு பரீட்சை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டு தெரியுமா? என்ன கேள்வி இது என்பீர்கள். கோயில் திருவிழா மைக் செட்டில்கூடக் கேட்ட பாட்டாயிற்றே. பாடியது ஹனிபா. சரி. எழுதியது?

பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் ஹனிபா என்பார்கள். பத்தாவது ஆள் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார். எழுதியவர் கிளியனூர் ஆர். அப்துல் ஸலாம். தமிழ்நாட்டில் சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் முணுமுணுக்கிற ஒரு பாட்டை எழுதியவருக்கு இந்த நிலைமை.

விஷயம் இதுதான். பாட்டு எங்கேயும் போய்விடவில்லை. யூ டியூபில் இருக்கிறது, டீக்கடைக்காரர் பென் டிரைவில் இருக்கிறது. 'ஹனிபா 500 சாங்ஸ்' என்று மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் 17-ம் பாட்டுக்குப் பெயர் '17'. எழுதியவர் இல்லை, இசையமைத்தவர் இல்லை, வருஷம் இல்லை. அனாதை மாதிரி, நம்பர் மட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள்.

பழைய ரெக்கார்டில் அப்படி இல்லை. நடுவில் வட்டமாக ஒட்டியிருக்கிறதே லேபிள், அதில் பாடியவர் பெயர் இருக்கும். பல தட்டுகளில் எழுதியவர், இசையமைத்தவர் பெயரும் இருக்கும். கம்பெனியின் வரிசை எண் இருக்கும். லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே வழவழப்பான இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு எண் பொறித்திருக்கும். எந்தப் பதிவு முந்தி, எது பிந்தி என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கிற கில்லாடிகள் இருக்கிறார்கள். ஒரு பாட்டின் பிறப்புச் சான்றிதழ் அந்த மூன்றங்குல வட்டக் காகிதம். அதைத்தான் நாம் கிலோ கணக்கில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

* * *

ரெக்கார்டு தேட நல்ல இடம் கடை இல்லை. பழைய மைக் செட்காரர் வீட்டுப் பரண். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, ஆடித் திருவிழா, கட்சிப் பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே தகரப் பெட்டி. திறந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்குப் பக்கத்தில் ஹனிபா, அதற்கடுத்து கிறிஸ்துமஸ் பாட்டு, அதன் கீழே மறுபடி ஹனிபா, இந்தத் தடவை உதயசூரியன். ஊர் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பெட்டியை விட நல்ல சரித்திரப் புத்தகம் கிடையாது.

இந்தப் பக்கத்து மைக் செட் பாய் ஒருவரிடம் விசாரித்தேன்.

"ரெக்கார்டு ஏதாவது மிச்சம் இருக்கா பாய்?"

"இருந்துச்சு தம்பி. வீட்டுக்கு வெள்ளை அடிக்கச்சே பசங்க மொட்டை மாடியில வெச்சிட்டாங்க. வெயில்ல வளைஞ்சு பூடுச்சு. பேத்தி அதுல பூந்தொட்டி பண்ணிட்டா."

"அட்டையாவது இருக்கா? எழுதினவர் பேரு பார்க்கணும்."

"அட்டைய கரையான் படிச்சு முடிச்சிடுச்சுப்பா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் பூந்தொட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த துளசியை நகர்த்தி, லேபிளைத் துடைத்துக் காட்டினார். எழுத்து கரைந்து போய் பச்சைக் கறை மட்டும் இருந்தது. "இத்த வெச்சு எத்தினி கல்யாணம் பண்ணியிருக்கேன் தெரியுமா?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பாட்டும் வாத்தியமும் மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்பது பழைய வாதம். தர்காவைப் போற்றும் பாட்டு வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தாத்தா ஆசையாகச் சேர்த்த பெட்டியைப் பேரன் மனசு ஒப்பி வெளியே வைக்கிற வீடுகள் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. கேட்காமல் இருப்பது அவரவர் உரிமை. பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் லேபிளை ஒரு போட்டோ எடுத்து வைப்பதை மட்டும் யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

* * *

உலகத்திலேயே இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. இந்தோனேஷியாவைப் பாருங்கள். அங்கே 'டங்டுட்' என்று ஒரு பாட்டு வகை. நம் இந்தி சினிமாப் பாட்டின் சொந்தக்காரப் பிள்ளை. தபேலா மாதிரி அடிக்கும் மேளத்தின் 'டங்', 'டுட்' சத்தமே பெயராகிவிட்டது. எல்யா காதம் என்ற பாடகியின் புகழ்பெற்ற பழைய பாட்டின் தலைப்பே 'இந்தியாவிலிருந்து வந்த பொம்மை' என்றுதான் அர்த்தம். அங்கேயும் ஒரு ஹனிபா உண்டு: ரோமா இராமா. டங்டுட்டில் மார்க்க உபதேசத்தைக் கலந்தார். 1977 தேர்தலில் இஸ்லாமியக் கட்சிக்காக மேடை மேடையாகப் பாடினார். செமாராங் நகரத்தில் 1975-ல் ஆரம்பித்த 'நசிதா ரியா', முழுக்கப் பெண்களே வாசித்துப் பாடும் இஸ்லாமியப் பாட்டுக் குழு. 2022-ல் ஜெர்மனியின் காசல் நகரக் கலைவிழா வரை போய்ப் பாடிவிட்டு வந்தது.

அவர்களும் தொலைத்தார்கள். சோலோ நகரத்தில் 1956-ல் அரசாங்கமே தொடங்கிய லோகனந்தா ரெக்கார்டு கம்பெனி, பழைய ஒலிநாடாக்களோடு பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 2023-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். அதற்கும் முன்னால், 2013-ல், ஜகார்த்தாவில் சில இளைஞர்கள் 'இராமா நுசந்தாரா' என்ற பெயரில் ஒரு வேலை தொடங்கினார்கள். பழைய ரெக்கார்டைத் தேடிப் பிடிப்பது, பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, கூடவே அட்டையையும் லேபிளையும் படமெடுத்து, யார் பாடியது, யார் எழுதியது என்று பட்டியல் போடுவது. நம்மைப் போல ஆபீஸ் போய் வருகிற வயசுக்காரர்கள்தான்.

நம் தோல் பட்டைக்கு இது கடினமான காரியமா? பச்சைத் தோலுக்கு உடனே உப்புப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரெக்கார்டு நாறாது. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. 78 சுற்றுத் தட்டு பத்து அங்குலம், பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம். விடிய விடியப் பாடுகிற கவாலியை அதற்குள் மடக்க 'பாகம் 1', 'பாகம் 2' என்று இரண்டு பக்கத்திலும் போடுவார்கள். இந்தத் தட்டு அரக்கில் செய்தது, மரக்கிளையில் பூச்சி விடுகிற அரக்கு. கீழே விழுந்தால் அப்பளம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். சந்தனக்கூடு நெரிசலில் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடியுங்கள்.

2. எந்தத் தட்டையும் படுக்க வைத்து அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெயில் கூடாது (பூந்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்).

3. கேசட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். துபாயிலிருந்து டூ-இன்-ஒன் வந்த காலத்துச் சரக்கு நிறைய அதில்தான் இருக்கிறது. உள்ளே வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் ஓட விடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நன்றாக இருந்தால் முதலில் ஒரு தடவை கடைசி வரை சுற்றி, திரும்பச் சுற்றி, அப்புறம் கேளுங்கள்.

4. பாட்டை இன்டர்நெட்டில் ஏற்றுவதற்கு முன்னால் சட்டம் பாருங்கள். ஒலிப்பதிவுக்கு, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு உரிமை. எழுதியவருக்கு, அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. லேபிளைப் படமெடுத்து, விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

5. காசு இல்லையென்றால் ரெக்கார்டே வாங்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு. பாட்டு, பாடியவர், எழுதியவர், நம்பர். முடிந்தால், "இதை எங்கே முதலில் போட்டீங்க?" என்று ஒரு கேள்வி.

ஐந்தாவதுதான் முக்கியம். தட்டு இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். அதைத் தூக்கிக்கொண்டு கந்தூரிக்கும் மாநாட்டுக்கும் போனவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. லேபிளில் இல்லாத பெயர்கள் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. யாராவது வந்து கேட்டால் சொல்வதற்குத் தயாராகத்தான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

ஆகவே அடுத்த முறை ஆம்பூரில் இறங்கினால் பிரியாணியைச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொன்னால் என் மேல் பாவம். கை கழுவிய பிறகு, நன்றாகத் துடைத்த பிறகு, ஒரு மைக் செட் கடைக்குப் போங்கள்.

பி.கு.: இந்த விஷயத்தை வீட்டில் சொல்லும்போது 'ரெக்கார்டு வாங்கப் போகிறேன்' என்று சொல்லாதீர்கள். 'நோட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்' என்று சொல்லுங்கள். பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று நினைத்து காபி போட்டுக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.