ஏழு நாள் கேம்ப்பில் படிப்பு கெடாது

1/ "என்எஸ்எஸ் கேம்ப் போகணுமாம் டாக்டர். படிப்பு கெட்டுரும், வேண்டாம்னுட்டேன்." பல்லடத்தில் என் ஓபி-யில் ஒரு அப்பா பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் போய்வந்த அதே கேம்ப்!

2/ நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி நேரம், 2 வருஷத்தில் 240. கூடவே 7 நாள் முகாம். ஏழு நாளில் கெட்டுப்போகும் படிப்பு என்ன படிப்புங்க?

3/ மாணவனாக நானும் ஒரு விசைத்தறி ஊரில் முகாமில் இருந்தேன். ஒருத்தருடைய மருந்துச் சீட்டைப் படித்து, "ராத்திரி சாப்பிட்டதும் இந்த மாத்திரை" என்றேன். சிரித்தார். "நைட் ஷிஃப்ட்டுங்க. ராத்திரி சோறே விடியக்காலம்தான்."

4/ இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இன்றைக்கும் சீட்டு எழுதும் முன் கேட்கிறேன்: "எந்த ஷிஃப்ட்டுங்க?"

5/ காலேஜ்காரங்களுக்கும் ஒண்ணு: விளக்குமாறோடு போட்டோ எடுத்து சான்றிதழ் கொடுப்பதற்குப் பேர் முகாம் இல்லை.

6/ பயமா இருக்கா? நியாயம்தான். எங்கே தங்குறாங்க, கூட எந்த டீச்சர், கழிவறை எப்படி, எல்லாம் கேளுங்க. பதில் சரியா இல்லைன்னா காலேஜோடு சண்டை போடுங்க. பொண்ணை வீட்டில் பூட்டுவது பதில் ஆகாது.

7/ மார்க் வேலை வாங்கித் தரும். முன்பின் தெரியாத மனுஷங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகினாத்தான் அந்த வேலையில் நிற்க முடியும். அனுப்பி வையுங்க.