கூடைப்பந்து விருதுகள்: எண்கள் தீர்ப்புச் சொல்லுமா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் 2024-25 பருவத்தில், மிகவும் மதிப்புமிக்க வீரருக்கான விருதை ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் வென்றார். வாக்களித்த 100 பேரில் 71 பேர் அவருக்கு முதலிடம் அளித்தனர். எஞ்சிய 29 முதலிட வாக்குகளும் டென்வர் நகெட்ஸ் அணியின் நிகோலா யோகிச்சுக்குக் கிடைத்தன.

இரு தரப்பாரும் முன்வைத்த சான்றுகள் எண்களே. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகள் எடுத்துத் தொடரிலேயே முதலிடம் பெற்றார். அவரது அணி 82 ஆட்டங்களில் 68ஐ வென்றது. யோகிச்சோ 29.6 புள்ளிகளுடன், 12.7 ரீபவுண்டுகளும் 10.2 அசிஸ்டுகளும் சராசரியாகப் பெற்றார். ஆனால் அவரது அணி வென்றவை 50 ஆட்டங்கள்.

ஒரு தரப்பு எண்கள் வெற்றி பெற்ற அணியின் முதன்மை வீரர் யார் என்று கூறுகின்றன. மறு தரப்பு எண்கள் தனியொரு வீரர் எவ்வளவு பங்களித்தார் என்று கூறுகின்றன. 'மதிப்பு' என்ற சொல்லுக்கு என்.பி.ஏ. திட்டவட்டமான வரையறை எதையும் தராததால், எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்பதை வாக்காளரே முடிவு செய்யவேண்டியுள்ளது.

ஏட்டில் ஏறாத திறமை

இந்த விவாதம் புதியதல்ல. 1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். வேறு எவரும் இன்றுவரை நெருங்காத சாதனை அது. அதே பருவத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளிகள், ரீபவுண்டுகள், அசிஸ்டுகள் ஆகிய மூன்றிலும் சராசரியாகப் பத்தைக் கடந்தார். ஆனால் விருது, 18.9 புள்ளிகளை மட்டுமே சராசரியாக எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் பில் ரஸ்ஸலுக்குச் சென்றது.

அப்போது வாக்களித்தவர்கள் சக வீரர்கள். ஊடகவியலாளர்களிடம் அந்தப் பொறுப்பு 1980-81இல்தான் வந்தது. ரஸ்ஸலின் பெரும்பலம் எதிரணியினர் எறியும் பந்தைத் தடுப்பது. ஆனால் தடுக்கப்பட்ட பந்துகளையும் பறிக்கப்பட்ட பந்துகளையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74இல். அதாவது, ரஸ்ஸலின் மிகச் சிறந்த பணிக்கு ஏட்டில் இடமே இருக்கவில்லை. களத்தில் அவரை எதிர்கொண்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

பத்து என்ற மயக்கம்

எண்கள் இருக்கும்போதும் அவை வாக்காளரை மயக்கக்கூடும். 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்டுகள், 10.4 அசிஸ்டுகள் எனச் சராசரி பெற்று விருதை வென்றார். அவரது அணி மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்தையே பிடித்திருந்தது. மூன்று துறைகளிலும் பத்தைத் தாண்டியதே அவரது வாதத்தின் உயிர்நாடியாக அமைந்தது.

ஆனால் 9.9 அசிஸ்டுகளுக்கும் 10.1 அசிஸ்டுகளுக்கும் ஆட்டத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பத்து என்பது மனிதரின் விரல் எண்ணிக்கை தந்த எல்லைக்கோடு மட்டுமே. சக வீரர்கள் எதிரணியினரை மறித்து நின்று ரீபவுண்டை அவருக்கு விட்டுக்கொடுத்தனர் என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது.

இத்தகைய குறைகளைக் களையவே புதிய அளவீடுகள் உருவாயின. ஒரு வீரர் களத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் அணியின் புள்ளி வித்தியாசம் எப்படி மாறுகிறது என்பதை அவற்றுள் சில கணக்கிடுகின்றன. 2013-14 முதல் எல்லா அரங்குகளிலும் பொருத்தப்பட்ட கேமராக்கள் வீரர்களின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்கின்றன. 2014ஆம் ஆண்டுத் தெரிவில் 41ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட யோகிச், 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் விருது பெற்றதில் இந்த அளவீடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2022இல் அவரது அணியும் ஆறாம் இடத்திலேயே இருந்தது.

எண்ணுபவர் யார்?

எண்களைப் பதிவு செய்பவர்களும் மனிதர்களே என்பது மற்றொரு சிக்கல். ஆட்டத்தின் கணக்கை எழுதுவோரை நியமிப்பது உள்ளூர் அணி. 1987-88இல் சிறந்த தற்காப்பு வீரருக்கான விருதை சிகாகோ புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டன் வென்றார். அப்பருவத்தில் அவர் பறித்ததாகவும் தடுத்ததாகவும் பதிவான பந்துகள், வெளியூரை விடச் சொந்த அரங்கில் மிக அதிகம் என்று 2024இல் வெளியான ஊடக ஆய்வொன்று சுட்டிக்காட்டியது. எந்தப் பந்தை யார் பறித்தார் என்பதில் கணக்கெழுதுபவரின் கண்ணுக்கும் மனச்சாய்வுக்கும் இடமிருக்கிறது.

வாக்குக்குப் பின்னால் கோடிகள்

இவை வெறும் ரசிகர் விவாதமாக நின்றுவிடுவதில்லை. மதிப்புமிக்க வீரர் விருதும், பருவத்தின் சிறந்த அணிகளில் இடம்பெறுவதும் ஒரு வீரர் பெறக்கூடிய ஊதியத்தின் உச்சவரம்பை உயர்த்துகின்றன. 2021இல் அந்த அணிகளில் இடம் கிடைக்காததால் பாஸ்டன் வீரர் ஜேசன் டேட்டம் தமது ஒப்பந்தத்தில் 3 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை இழந்தார். 2024இல் இடம் கிடைத்ததால் இண்டியானா வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டனின் ஒப்பந்தம் சுமார் 4 கோடி டாலர் உயர்ந்தது.

2023-24இல் அறிமுகமான விதி ஒன்று, முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்கிறது. நட்சத்திர வீரர்கள் ஓய்வெடுத்துக்கொள்வதைக் குறைப்பது இதன் நோக்கம். ஆனால் காயம் முழுமையாக ஆறுமுன் களமிறங்க இது வீரர்களைத் தூண்டுவதாக விமர்சகர்கள் கூறுகின்றனர். அந்தப் பருவத்தில் முழங்கால் காயத்தால் 39 ஆட்டங்களோடு நின்ற ஜோயல் எம்பீட், விருதுப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது.

தாம் செய்தி சேகரிக்கும் வீரர்களின் ஊதியத்தைத் தாமே தீர்மானிப்பது முறையா என்ற கேள்வி ஊடகத்துறைக்குள்ளும் உள்ளது. அமெரிக்காவின் சில பெரிய நாளிதழ்கள் தமது செய்தியாளர்கள் இதில் வாக்களிப்பதை அனுமதிப்பதில்லை. ஒவ்வொருவரும் எவருக்கு வாக்களித்தார் என்பதை என்.பி.ஏ. வெளியிடுவது ஓரளவு பொறுப்புணர்வை உண்டாக்கியுள்ளது.

புள்ளிவிவரங்கள் பெருகியதால் ஆதாரமற்ற வாதங்கள் குறைந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை இன்னும் மனிதரே முடிவு செய்கின்றனர். விருதையும் ஊதியத்தையும் இணைக்கும் விதி அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் பேசி ஏற்றுக்கொண்டது. அந்த இணைப்பு நீடிக்கும்வரை, இந்தத் தீர்ப்பின் விலையைச் செலுத்துபவர்கள் வாக்களிப்போர் அல்லர். நூலிழையில் இடத்தைத் தவறவிடும் வீரர்களே.