டிவியில் காட்டிவிட்டால் போதுமா?



சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிவி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பால் வெட்டோ, குலை வெட்டோ, வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் செய்திதான். பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பெரட்டில் நின்றுகொண்டு, "டிவியிலேயே காட்டிட்டான்யா, அப்புறம் என்ன பேச்சு?" என்று அடித்துப் பேசுகிறார்களே, அங்கேதான் நமக்குக் கவலை பிறக்கிறது.

காட்டினான், சரி. எதைக் காட்டாமல் விட்டான்?

2001 ஜூன் 30 நடந்ததை நினைத்துப் பாருங்கள். மேம்பால ஊழல் வழக்கில் கலைஞர் கருணாநிதியை, நடுநிசி தாண்டிய நேரத்தில், சென்னை வீட்டில் போலீஸ் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 77. போலீஸார் அவரை இழுத்துப் போகும் காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. பார்த்தவர் நெஞ்சு பதறியது. ஜெயா டிவியோ, மத்திய அமைச்சராக இருந்த முரசொலி மாறன் போலீஸாருடன் மல்லுக்கு நிற்கும் காட்சியைப் போட்டது. அதைப் பார்த்தவர், "போலீஸ் மேல என்ன தப்பு?" என்றார். ஒரே வீடு, ஒரே இரவு. ஆனால் ஊர் இரண்டுபட்டது!

காரணம் பெரிய ரகசியம் அல்ல. சன் டிவியின் முதலாளி கலாநிதி மாறன், முரசொலி மாறனின் மகன். ஜெயா டிவி, அன்று முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் கட்சிப் பக்கம். பிறகு 2007இல் கலைஞர் குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் மனக்கசப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி பிறந்தது! முதலாளிக்கு மனசு மாறினால் செய்தியும் மாறும்.

தமிழ்நாட்டுக் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். இங்கே ஆர்டிஎம் அரசாங்கத்தினுடையது. 1984இல் வந்த டிவி3 நெடுங்காலம் அம்னோவுக்கு நெருக்கமானவர்கள் கையில் இருந்தது. 2008 பொதுத்தேர்தலில் இவற்றில் பெரும்பாலும் ஆளுங்கட்சியின் குரலே கேட்டது. ஆனால் மார்ச் 8ஆம் தேதி நம் சுங்கை சிப்புட்டில் என்ன நடந்தது? 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டத்தோ ஸ்ரீ சாமிவேலுவை டாக்டர் ஜெயகுமார் 1,821 வாக்குகளில் தோற்கடித்தார். பத்திரிகையும் டிவியும் போதுமென்று நம்பி இணையத்தைக் கோட்டை விட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவியே பிறகு ஒப்புக்கொண்டார்.

யார் ஜெயித்தது நல்லது என்று வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. டிவி ஒரு பக்கமே பேசினாலும் ஓட்டுப் போடுவது நம் கைதான் என்கிறோம். இன்று வாட்ஸாப்பில் வரும் துண்டு வீடியோவும் அதே ரகம்தான். எந்தக் கட்சிக்காரன் அனுப்பினாலும் சரி!

ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசை விட்டுக் கண்ணை எடுப்போமா? மண்டோர் குலை எண்ணும்போது நாமும் கூடவே எண்ணுகிறோம். கிராணி ஒரு நாள் பேரை விட்டுவிட்டால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். செய்திக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

இனி செய்தி பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்த டிவி யாருடையது? எதிர்த்தரப்பையும் பேச விட்டார்களா? தங்கள் ஆள் செய்த தப்பை என்றாவது காட்டியிருக்கிறார்களா? பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்கள்.

சென்னைக் கட்சிச் சண்டைக்காக இங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சை முறிப்பவர்களும் உண்டு. அந்தத் தலைவர்கள் நாளைக்கே கூட்டணி சேர்ந்துகொள்வார்கள். நம் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்க வருபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இன்னொன்று. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும் ஆகஸ்டிலிருந்து. அது நம் கைக்கு ஒழுங்காக வருகிறதா என்று எந்த டிவியும் சொல்லாது. சம்பளச் சீட்டை எடுத்துப் படியுங்கள் தோழர்களே! எழுத்து புரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.