டயர் வாங்குவது ஆபீஸ் விஷயம் மட்டுமா?



சம்பளம், கொழுந்து நிறை, வீடு, காணி என்று பேச வேண்டியவை இத்தனை இருக்கும்போது, டயரைப் பற்றி எழுத ஒரு பக்கமா என்று சிலர் கேட்கக்கூடும். தூர மலைக்கு வேலைக்குப் போகவும் வரவும், ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்கவும் தோட்டத்து வண்டியைத்தானே நம்பியிருக்கிறோம்? அந்த வண்டி நான்கு டயரை நம்பி ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு எங்கள் மேல் டிவிஷனில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தது. அவருடைய மூத்த மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்பதால் தோட்டத்துக் கெப் வண்டியில் அழைத்துக்கொண்டு இறங்கினோம். மூன்றாவது வளைவில் பின் டயர் வெடித்தது. வண்டி மலைப் பக்கத்துக் கானில் சாய்ந்து நின்றது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளம். ஸ்பெயார் டயரில் காற்று இல்லை. கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மழையில் பிரதான வீதிவரை நடந்தோம். தாயும் பிள்ளையும் தப்பியது நமது அதிர்ஷ்டம்.

மறுநாள் ஆபீசில் சொன்ன காரணம், டிரைவர் வேகமாக ஓட்டியிருப்பார் என்பது. வெடித்த டயரோ மாற்றி மூன்று மாதம்கூட ஆகாதது. பள்ளங்கள் ஆழமாக, புதிதாகவே இருந்தன. அப்படியானால் ஏன் வெடித்தது? நானும் டிரைவரும் டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்துகளைப் படித்துப் பார்த்தோம்.

அந்த வண்டிக்கு உரிய அளவு 195R15C. கடைசியில் இருக்கும் சி என்ற எழுத்து, பாரம் ஏற்றும் வண்டிக்கான டயர் என்பதைக் காட்டுகிறது. அதன் பக்கத்தில் 106/104 என்று ஓர் இலக்கம் இருக்கும். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளுக்கு 104, அதாவது டயருக்கு 900 கிலோ. வெடித்த டயரில் இருந்தது 195/80R15, 96. அகலமும் ரிம்மின் அளவும் ஒன்றுதான். உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 96 என்றால் 710 கிலோ மட்டும். அது ஆட்கள் போகும் சிறிய ஜீப்புகளுக்கு ஏற்ற டயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டயருக்கு 240 கிலோ குறைவு. பின்பக்கம் இரண்டு டயருக்கும் 480 கிலோ குறைவு. அது எட்டு ஒன்பது பேரின் எடை. அந்த டயரோடுதான் மூன்று மாதம் கொழுந்து சாக்கும் உரமூட்டையும் ஆட்களும் ஏறி இறங்கின. தாங்க முடியாத பாரத்தில் டயரின் பக்கம் மடிந்து மடிந்து சூடாகும். உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் இறப்பரை விட்டுப் பிரியும். காற்றும் குறைவாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் வெடிக்கும்.

விலை குறைவு என்று வாங்கியவர் ஆபீசில் இருந்தார். இரவில் வண்டியில் இருந்தவர்கள் நாம். பொலிசில் லைசன்சைக் காட்ட வேண்டியவர் டிரைவர். அவரும் ஒரு தொழிலாளிதான். இதைத்தான் அநியாயம் என்கிறேன்.

டயர் தெரிவு செய்ய எஞ்சினியர் படிப்பு வேண்டாம். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்த இலக்கங்கள் போதும். வண்டிக்கு எந்த அளவு, எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். புது டயரின் பார இலக்கம் அதற்குக் குறையவே கூடாது. அடுத்து வயது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் பல வருடம் கிடந்த டயரைப் புதிது என்று விற்பார்கள். இறப்பர் கிடந்தாலும் கிழடாகும். பத்து வருடம் தாண்டிய டயர், பள்ளம் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நமது மழையும் பனிமூட்டமும் உள்ள பாதைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது நல்லது. சேற்றுக்கென்று பெரிய கட்டைகளோடு வரும் டயர் தோட்டப் பாதையில் நன்றாக இழுக்கும். ஆனால் ஈரமான தார் வீதியில் பிரேக் போட்டால் வழுக்கும். மலையிலும் டவுன் வீதியிலும் ஓடும் வண்டிக்கு இரண்டுக்கும் பொதுவான டயரே ஏற்றது. ஒரே அச்சில் இரண்டு வகை டயர் போடக் கூடாது. தேய்ந்த டயருக்குப் புது இறப்பர் ஒட்டி எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பஸ், லொறிகளின் பின்சக்கரங்களில் அது ஓடுகிறது. முன்சக்கரத்துக்கு மட்டும் வேண்டாம்.

லீசிங்கில் கெப்பும் லொறியும் எடுத்து ஓட்டும் நமது இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். மாதக் கட்டணம் கட்டிய கையோடு மலிவு டயர் தேடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் பாரம் தாங்காத டயரை மூன்று மாதத்தில் மறுபடி வாங்க நேர்ந்தால் அது மலிவா?

நல்ல டயருக்குப் பணம் இல்லை என்று நிர்வாகம் சொல்லும். 1934ஆம் ஆண்டிலிருந்து நமக்குத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அது அடிபட்ட பிறகு வரும் காசு. போன கால் அதில் திரும்பி வராது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கியது இந்த நாட்டின் இறப்பர். பார வண்டி டயருக்குக் கார் டயரைவிட அதிக இயற்கை இறப்பர் வேண்டும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் விடியுமுன் பால் வெட்டுவது நமது ஆட்கள். அந்த இறப்பரில் செய்த நல்ல டயரில் ஏறிப்போக நமக்கு உரிமை இல்லையா?

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு வண்டியினதும் டயர் அளவு, பார இலக்கம், வயது ஆகியவற்றை எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். டயர் வாங்கும்போது டிரைவரைக் கேட்க வேண்டும். டிரைவர் எழுதிக் கொடுக்கும் குறையின் பிரதி ஒன்று தலைவர் கையில் இருக்க வேண்டும். ஸ்பெயார் டயரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நிர்வாகம் இசையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை வண்டியில் ஏறுமுன் குனிந்து அந்த இலக்கங்களைப் படியுங்கள். உரிய அளவு இல்லையென்றால் ஏறாமல் நின்று தலைவரைக் கூப்பிடுங்கள்.