வீட்டு வைபைக்கு ஒரு வேலி: காவலுக்கு, உளவுக்கல்ல



பெற்றோர் கூட்டம் எதுவானாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வருகிறது: "பிள்ளைட போனுக்கு என்ன செய்யலாம் சேர்?" சிலர் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டுகிறார்கள். சிலர் பிள்ளைக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் செயலியைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் விட நல்ல வழி, வீட்டுக்கென்று ஒரு பொது டிஎன்எஸ் வைப்பது என்பது எமது கருத்து.

நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், அதற்குரிய இலக்க முகவரியைத் தேடிச் சொல்வதுதான் டிஎன்எஸ். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வீடு காட்டுகிறவர் மாதிரி. கூடாத வீட்டுக்கு அவர் வழி சொல்லமாட்டார் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

வழமையாக இந்த வேலையை இணைப்புத் தரும் நிறுவனம் செய்கிறது. அதை நாமே வீட்டுக்குள் செய்யலாம். பழைய லெப்டொப் ஒன்றோ, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினியோ போதும். பை-ஹோல், அட்கார்ட் ஹோம் இரண்டும் இலவச மென்பொருட்கள். அந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்து, ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் அதை எழுதுங்கள். வைபையில் சேரும் போன்கள் அதனிடமே வழி கேட்கும். இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் மட்டும் 8.8.8.8 என்று போட்டுவிடாதீர்கள். வேலியைக் கட்டிவிட்டுக் கடப்பைத் திறந்து வைத்தது போலாகிவிடும்.

தனிக் கணினிக்கு வசதியில்லாதவர்கள், ரவுட்டரிலேயே க்ளவுட்ஃபிளேரின் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு முகவரிகளையும் எழுதலாம். ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் தடைப்படும். ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் இதை மதில் என்று நினைக்கக்கூடாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வேலி இல்லை, விபிஎன் போட்டாலும் இல்லை. 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது நாட்டில் எத்தனையோ பேர் விபிஎன் பழகினார்கள். நாடே போட்ட தடையைத் தாண்டியவர்களுக்கு வீட்டுத் தடை பெரிதல்ல. யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது என்பதையும் டிஎன்எஸ் அறியாது. தவறுதலாகப் போய் விழுவதை அது தடுக்கும். வேண்டுமென்றே போகிறவரைத் தடுப்பது வளர்ப்பும் பேச்சும்தான்.

நாம் எழுத வந்த முக்கிய விடயம் இனித்தான். எந்தப் போன் எத்தனை மணிக்கு எந்தத் தளத்தைக் கேட்டது என்பதை இந்தக் கருவி பதிந்து வைக்கும். மகளின் போன், மனைவியின் போன், விருந்துக்கு வந்த மச்சானின் போன் எல்லாம் அதில் இருக்கும். வெட்கத்தில் யாரிடமும் கேட்க முடியாத ஒரு நோயைப் பற்றி அறிய, பிள்ளை ஒரு மருத்துவத் தளத்தைத் திறந்திருக்கலாம். அதை இரவில் இரகசியமாக இருந்து வாசிப்பது வேலியே பயிரை மேய்வதாகும். ஸூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. வீட்டுக்குள் என்றால் அது மாறிவிடும் என்று நாம் நினைக்கவில்லை.

ஆகவே போடுங்கள், ஆனால் வீட்டார் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போடுங்கள். வாப்பாவின் போனுக்கும் அதே தடை இருக்கட்டும். சூதாட்டத் தளங்களில் விழுகிறவர்கள் பிள்ளைகள் மட்டுமல்ல. பதிவை நிறுத்தி வையுங்கள், இரண்டு மென்பொருளிலும் அதற்கு வசதி உண்டு. கடைத் தம்பியைக் கொண்டு பூட்டினால், அவர் போனபின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பக்கத்து வீட்டாரோடு வைபையைப் பங்கிடுகிறவர்கள் அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களது இரகசியமும் உங்கள் கையில் அமானிதம்.

சில வேளை நல்ல பாடத் தளமும் தடைப்படும். அப்போது "வாப்பா, இதைத் திறந்து தாங்க" என்று பிள்ளை பயமில்லாமல் வந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற வீட்டில்தான் வேலி நிலைக்கும்.